ஏடிவி பிரேக்கில் ஏர் எடுக்க எந்த முறை? லைன் நிரம்பியிருக்கிறதா, காலியா என்பதை முதலில் பாருங்கள்

ஏடிவியின் (கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) பிரேக் ஆயிலை மாற்றி ஏர் எடுக்க, அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற, ஐந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன. லீவரை அழுத்தி, காலிப்பரில் (சக்கரத்தில் பேடை டிஸ்கில் அழுத்தும் பகுதி) உள்ள வடிதிருகான நிப்பிளைத் திறந்து மூடலாம். நிப்பிளைத் திறந்து தானாக வடிய விடலாம். வேக்கம் பம்பால் கீழிருந்து உறிஞ்சலாம். சிரிஞ்சால் கீழிருந்து மேலே ஏற்றலாம். ஒருவழி வால்வு உள்ள நிப்பிளை வாங்கிப் பொருத்தலாம். ஒவ்வொன்றுக்கும் அதுதான் சிறந்தது என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் பொய்யும் இல்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு வேலையைச் செய்துவிட்டுப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். லைன் முழுக்கப் பழைய ஆயில் இருக்கும்போது அதை வெளியேற்றிப் புதியதை நிரப்புவது ஒரு வேலை. ஹோஸையோ காலிப்பரையோ மாற்றியபின் காற்று மட்டுமே இருக்கும் லைனை நிரப்புவது வேறொரு வேலை. முதல் வேலைக்குக் கச்சிதமான முறை இரண்டாவதில் ஒரு மணி நேரம் அழுத்தினாலும் லீவரைக் கெட்டியாக்காது.

முறைக்குப் போகுமுன் ஆயிலைத் தீர்மானிப்போம். இது நீளமாகப் பேச வேண்டிய விஷயம் இல்லை. மாஸ்டர் சிலிண்டர் (லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் பகுதி) மூடியில் எந்த டாட் எண், அதாவது பிரேக் ஆயிலின் தர எண், பொறித்திருக்கிறதோ அதுதான் விடை. பெரும்பாலான ஏடிவிகளில் டாட் 4 என்றிருக்கும், சிலவற்றில் டாட் 3. புதிய ஆயிலின் கொதிநிலை டாட் 3-க்குக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260 இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் கவனிக்க வேண்டியது இன்னொரு எண். ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் இருக்க வேண்டிய கொதிநிலை முறையே 140, 155, 180 டிகிரிதான். இந்த மூன்றும் கிளைக்கால் (glycol) வகை ஆயில், காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் ஓடும் வண்டிக்கு இது கூடுதல் கவலை. அதோடு பேடுக்கும் டிஸ்குக்கும் இடையில் சேறு உராய்ந்துகொண்டே இருப்பதால் சூடும் அதிகம். நீண்ட இறக்கத்தில் ஆயிலில் உள்ள தண்ணீர் ஆவியானால், ஆவி அமுங்கும், லீவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது. அதனால்தான் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். தண்ணீரில் அடிக்கடி இறங்கும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

மூடியில் டாட் 3 என்று இருந்தால் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் கலக்கும். டாட் 4 இருக்கும் இடத்தில் 5.1 ஊற்றலாம், அதுவும் கிளைக்கால் வகைதான். இது கடும் குளிரிலும் இளகி ஓடுவதால் பனிப்பகுதியில் ஓட்டுபவர்களுக்குப் பயன். சாதாரண ஓட்டத்துக்குப் புதிய டாட் 4 போதும். டாட் 5 மட்டும் தனிச் சாதி. அது சிலிக்கான், ஊதா நிறம், மற்றவற்றோடு கலக்காது. அது தண்ணீரை உள்வாங்காது என்பதை ஏதோ நன்மை போலச் சொல்வார்கள். உள்ளே நுழைந்த தண்ணீர் கரையாமல் காலிப்பரின் அடியில் துளியாகத் தங்கி, அங்கேயே கொதிக்கும், அங்கேயே அரிக்கும். மேலும் அதில் காற்று நுண்குமிழாகக் கலந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. மூடியில் டாட் 5 என்று தெளிவாக எழுதியிருந்தால் தவிர அந்தப் பக்கம் போகாதீர்கள். 5-க்கும் 5.1-க்கும் உள்ள ஒரு புள்ளி வித்தியாசத்தில் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரு சர்க்யூட்டுக்கு (ஒரு மாஸ்டரும் அதன் லைன்களும்) 250 மில்லி போதும். முன்னும் பின்னும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர் இருந்தால் 500 மில்லி வைத்துக்கொள்ளுங்கள். சீல் உடைத்து மாதக்கணக்கில் கிடந்த டப்பாவை எடுக்க வேண்டாம். அதில் ஏற்கெனவே ஈரம் ஏறியிருக்கும்.

எந்த முறையானாலும் முன்வேலை ஒன்றே

ஏடிவியின் அமைப்பு மாடலுக்கு மாடல் மாறும். வலது லீவர் முன் இரு காலிப்பர்களையும் இயக்குவது வழக்கம். பின்னால் கேபிள் டிரம் இருக்கலாம், அச்சில் ஒற்றை டிஸ்க் இருக்கலாம். சில வண்டிகளில் ஒரே லீவர் எல்லாச் சக்கரங்களையும் பிடிக்கும், கால் பெடல் அதற்குத் துணையாகத் தனி மாஸ்டர் சிலிண்டரோடு இருக்கும். உங்கள் வண்டியில் எத்தனை நிப்பிள், எந்த மாஸ்டரிலிருந்து எது வருகிறது என்பதை ஹோஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மாஸ்டரிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள காலிப்பரில் தொடங்குவது பொது வழக்கம். வலது கைப்பிடி மாஸ்டர் என்றால் இடது முன்சக்கரம் முதலில் வரும். சர்வீஸ் மானுவல் வேறு வரிசை சொன்னால் மானுவல் சொல்வதே சரி. ஏபிஎஸ் உள்ள வண்டியில் மானுவல் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

வண்டியை முதலில் கழுவுங்கள், குறிப்பாக மாஸ்டர் மூடியைச் சுற்றியும் நிப்பிளைச் சுற்றியும். மூடியைத் திறக்கும்போது விழும் ஒரு மணல் துகள் நேராக மாஸ்டருக்குள் போகும். அங்கே லைனுக்கும் மேலுள்ள ஆயில் தொட்டியான ரிசர்வாயருக்கும் இடையில் ஊசிமுனை அளவில் ஒரு திரும்பு துளை இருக்கிறது. அது அடைத்தால், சூடாகி விரிந்த ஆயில் திரும்ப வழியின்றி பேடை டிஸ்கில் அழுத்திக்கொண்டே இருக்கும். ஏர் எடுத்தபின் சக்கரம் இறுகிப் பிடிக்கிறது என்ற புகாரில் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

வண்டியை நிறுத்தி, ஹேண்டில்பாரைத் திருப்பி ரிசர்வாயர் மேற்பகுதி மட்டமாக நிற்கும்படி வையுங்கள். மூடியின் இரண்டு சிறு ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் துருப்பிடித்திருக்கும். தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை வைத்து, பின்புறம் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினால் தலை அறுபடாது. பிளாஸ்டிக் பாடியிலும் பெயின்டிலும் கனமான துணியை விரியுங்கள். கிளைக்கால் ஆயில் பெயின்டை நிமிடங்களில் மென்மையாக்கும். சிந்தினால் துடைப்பதோடு விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம். நிப்பிளிலிருந்து ஆயில் பீய்ச்சும்போது முகம் அந்த நேர்கோட்டில்தான் இருக்கும்.

பலர் தவிர்த்துவிடும் ஒரு வேலை இருக்கிறது. ஆயில் மாற்றுமுன் சக்கரத்தைக் கழற்றி, காலிப்பர் பிஸ்டன்களை உள்ளே தள்ளுங்கள். தேய்ந்த பேடுக்குப் பின்னால் பிஸ்டன் வெளியே வந்திருப்பதால் அங்கே பழைய ஆயில் குளம்போல் நிற்கும். வெந்து கறுத்த அழுக்கு அதிகம் உள்ளதும் அங்கேதான். பிஸ்டன் வெளியே இருந்தபடியே ஆயில் மாற்றினால் நிப்பிளில் தெளிவான திரவம் வந்த பிறகும் உள்ளே பாதி பழையதுதான். தள்ளுமுன் ரிசர்வாயரிலிருந்து ஆயிலை உறிஞ்சிவிடுங்கள், இல்லையென்றால் மேலே வழியும். பிஸ்டனின் வெளிப்பட்ட பகுதியில் சேறு ஒட்டியிருந்தால் பிரேக் கிளீனரால் துடைத்தபின் தள்ளுங்கள். சேற்றோடு தள்ளினால் சீல் கிழியும். பெட்ரோலோ எஞ்சின் ஆயிலோ தொடக் கூடாது, ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும்.

நிப்பிள் பெரும்பாலும் 8 மிமீ ஸ்பேனருக்கு, சில மாடல்களில் 10 மிமீ. துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே ஊடுருவும் ஆயிலைச் சொட்டிவையுங்கள். முதல் திருப்பலுக்கு ஆறுமுகச் சாக்கெட்டைப் பயன்படுத்தி, இறுக்கும் பக்கம் இம்மியளவு அசைத்துவிட்டுத் தளர்த்துங்கள். அலுமினியக் காலிப்பரில் எஃகு நிப்பிள் உடைந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

லீவர் முறை

கருவி என்று பார்த்தால் ஒரு ஸ்பேனர், உள்விட்டம் 5 மிமீ அளவில் ஒரு தெளிவான குழாய், ஒரு பாட்டில். குழாய் நிப்பிளிலிருந்து மேல்நோக்கிச் சற்று ஏறி, வளைந்து பாட்டிலில் இறங்கட்டும். அதன் நுனி ஆயிலில் மூழ்கியிருக்க வேண்டும். லீவரை மெதுவாக மூன்று நான்கு முறை அழுத்தி, கடைசி அழுத்தத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். லீவர் கைப்பிடியை நோக்கி இறங்கும். அது கைப்பிடியைத் தொடுமுன் நிப்பிளை மூடுங்கள். பிறகே லீவரை விடுங்கள். இரண்டு மூன்று விநாடி பொறுத்து மறுபடி.

இந்த வரிசையில் ஒரே ஒரு தவறுதான் எல்லாவற்றையும் கெடுக்கும்: நிப்பிள் மூடுமுன் லீவரை விடுவது. அந்தக் கணத்தில் மாஸ்டர் பின்னோக்கி இழுத்து, நிப்பிளின் மரை வழியே காற்றை உள்ளே கொண்டுவரும். இருவர் செய்தால் "பிடி", "மூடியாச்சு", "விடு" என்று வாயால் சொல்லிச் செய்வது நல்லது. அடுத்த தவறு அவசரம். லீவரைப் படபடவென்று அடித்தால் பெரிய குமிழ் உடைந்து நுரையாகும், நுரை வெளியே வர நாளாகும்.

ரிசர்வாயரை எத்தனை அழுத்தத்துக்கு ஒருமுறை நிரப்புவது என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். மாஸ்டர் பிஸ்டன் 12.7 மிமீ விட்டம், 11 மிமீ ஓட்டம் என்று வைத்தால் ஓர் அழுத்தத்துக்கு ஏறத்தாழ 1.4 மில்லி வெளியேறும். ஏடிவியின் ரிசர்வாயர் சிறியது. பத்துப் பன்னிரண்டு அழுத்தத்தில் துளை தெரியத் தொடங்கலாம், தெரிந்தால் காற்று உள்ளே போகும், வேலை முதலிலிருந்து தொடங்கும். ஐந்து அழுத்தத்துக்கு ஒருமுறை நிரப்பிவிடுங்கள்.

பழைய வண்டிக்கு ஓர் எச்சரிக்கை. ஓட்டும்போது லீவர் பாதி தூரம்தான் போகிறது. சிலிண்டரின் மீதிப் பாதியில் பல ஆண்டு அரிப்பும் படிவும் சேர்ந்திருக்கும். ஏர் எடுக்கும்போது லீவரைக் கைப்பிடிவரை அழுத்தினால் பிஸ்டன் சீல் அந்த முரட்டுப் பரப்பில் ஓடிக் கிழியும். லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே 20 மிமீ அளவில் ஒரு மரத்துண்டை வைத்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

நிரம்பிய லைனில் ஆயில் மாற்ற இதைவிட நம்பகமான முறை இல்லை. காலி லைனில் இது தோற்பதற்குக் காரணம் எளிது. 3.2 மிமீ உள்விட்டமுள்ள ஹோஸில் 1.4 மில்லி என்பது சுமார் 17 சென்டிமீட்டர் நீளம். ஒவ்வோர் அழுத்தமும் காற்றைப் பதினேழு சென்டிமீட்டர் கீழே தள்ளும். நிப்பிளை மூடி லீவரை விட்டுக் காத்திருக்கும் நேரத்தில் குமிழ் மறுபடி மேலே ஏறும். காற்று மேலே போக விரும்புகிறது, நாம் அதைக் கீழே இறக்கப் பார்க்கிறோம். லைனில் மேல்நோக்கி ஒரு வளைவு இருந்தால் குமிழ் அங்கேயே குடியிருக்கும்.

சிரிஞ்சால் கீழிருந்து ஏற்றுவது

மேலே சொன்ன இழுபறியை இந்த முறை நமக்குச் சாதகமாகத் திருப்புகிறது. 60 மில்லி சிரிஞ்சில் புதிய ஆயிலை எடுத்து, நுனியை மேலே வைத்து, சிரிஞ்சிலும் குழாயிலும் உள்ள காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். குழாயை நிப்பிளில் செருகி, சிறு கிளிப்போ கம்பியோ கொண்டு இறுக்குங்கள். நிப்பிளை அரைச் சுற்று திறந்து, மெதுவாக, நிறுத்தாமல் தள்ளுங்கள். குமிழ்கள் தாம் போக விரும்பும் திசையிலேயே போய் ரிசர்வாயரில் வெடிக்கும். ஒரு மீட்டர் ஹோஸின் கொள்ளளவே எட்டு மில்லிதான், ஆகவே ஒரு சிரிஞ்சு ஒரு காலிப்பரையும் அதன் லைனையும் தாராளமாக நிரப்பும். தள்ளி முடிக்குமுன், சிரிஞ்சில் கொஞ்சம் மீதியிருக்கும்போதே நிப்பிளை மூடுங்கள்.

குறைகளும் உண்டு. ரிசர்வாயர் நிரம்பி வழியும், ஆகவே மேலே ஒருவர் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் நழுவினால் ஆயில் எங்கும் பீய்ச்சும். எல்லாவற்றிலும் பெரியது: பழைய ஆயில் உள்ள லைனில் இதைச் செய்தால் காலிப்பரில் படிந்த அழுக்கு முழுவதும் மேலேறி மாஸ்டரின் ஊசித்துளையில் போய் நிற்கும். ஆகவே இது புதிய அல்லது கழுவிய காலிப்பருக்கும் காலி லைனுக்கும் உரிய முறை. ஆயில் மாற்ற மட்டும் இதை எடுக்காதீர்கள். மேலும், லீவர் முழுதாக விடுபட்ட நிலையில் இருந்தால்தான் ஊசித்துளை திறந்திருக்கும். லீவரில் ஏதாவது கட்டியிருந்தால் தள்ள முடியாது. முடியவில்லை என்று பலத்தைக் கூட்ட வேண்டாம், லீவரைப் பாருங்கள்.

வேக்கம் பம்பு

இதன் பலம் வேகம். தனியாளாக, பதினைந்து நிமிடத்தில் ஒரு சர்க்யூட்டின் பழைய ஆயிலை இழுத்துவிடலாம். கவலை குழாயில் நிற்காமல் ஓடும் குமிழ்கள்தான். அவற்றில் பெரும்பாலானவை லைனிலிருந்து வருவதில்லை. நிப்பிளைத் திறந்ததும் அதன் மரையைச் சுற்றி வெளிக்காற்று நுழைகிறது. லைனில் காற்று இருக்கிறதா இல்லையா என்று குழாயைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போவதே இந்த முறையின் அடிப்படைப் பலவீனம். நிப்பிளைக் கழற்றி மரையில் மட்டும் சிலிக்கான் கிரீஸ் தடவிப் பொருத்தினால் இது வெகுவாகக் குறையும். கூம்பு முனையிலும் துளையிலும் கிரீஸ் படக் கூடாது. நிப்பிளை எட்டில் ஒரு பங்கு சுற்று திறந்தாலே போதும், அதிகம் திறக்கத் திறக்கக் காற்று அதிகம். உறிஞ்சும் வேகத்தில் ரிசர்வாயர் நொடிகளில் காலியாகும் என்பதையும் மறக்க வேண்டாம். இதில் முடிக்கக் கூடாது. வேக்கத்தால் பெரும்பகுதியை இழுத்துவிட்டு, கடைசி ஏழெட்டு அழுத்தத்தை லீவரால் செய்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும்.

தானாக வடிய விடுவதில் கற்க ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். குழாயை மாட்டி, நிப்பிளைத் திறந்து, மேலே ஊற்றிக்கொண்டே இருப்பது. ஏடிவியில் ரிசர்வாயருக்கும் காலிப்பருக்கும் உயர வித்தியாசம் குறைவு, அதனால் ஓட்டம் சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும். நுரை வராது என்பது நன்மை. வளைவில் சிக்கிய குமிழை அசைக்கும் பலம் இதற்கு இல்லை.

ஒருவழி வால்வு நிப்பிள், உள்ளே ஸ்பிரிங்கும் குண்டும் வைத்தது. திறந்துவைத்து லீவரை மட்டும் அழுத்தி அழுத்தி விடலாம், இரண்டாவது ஆள் தேவையில்லை. மரையின் அளவும் இடைவெளியும் (பிட்ச்) உங்கள் காலிப்பரோடு சரியாகப் பொருந்த வேண்டும். எம்8, எம்10 இரண்டும் உண்டு. சேற்றில் ஓடும் வண்டியில் ரப்பர் மூடி தொலைந்தால் குண்டு மண்ணில் சிக்கி வால்வு மூடாது. அப்போது ஒவ்வொரு லீவர் விடுப்பிலும் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருப்பீர்கள், வெளியில் எதுவும் தெரியாது. அதனால் ஏடிவிக்கு இதை நாங்கள் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டோம்.

ஆக, எதை எடுப்பது?

லீவர் கெட்டியாக இருக்கிறது, ஆயில் மட்டும் பழையது என்றால்: ரிசர்வாயரில் உள்ளதை உறிஞ்சி, துடைத்து, புதியதை ஊற்றி, லீவர் முறை. தனியாள் என்றால் வேக்கம், பிறகு லீவர். காலிப்பர், ஹோஸ், மாஸ்டர் எதையாவது கழற்றினீர்கள் என்றால்: சிரிஞ்சால் நிரப்பி, பிறகு லீவரால் ஐந்தாறு அழுத்தம். காலிப்பர் பழையது, அழுக்கு இருக்கும், லைனும் பாதி காலி என்ற நடுநிலையில்: முதலில் வேக்கத்தால் கீழ்நோக்கி இழுத்து அழுக்கை வெளியேற்றுங்கள், பிறகு சிரிஞ்சு. பேன்ஜோ போல்ட்டை (ஹோஸ் முனையைப் பிடிக்கும், துளையுள்ள போல்ட்) திறந்திருந்தால் இரண்டு பக்க வாஷர்களும் புதிதாக இருக்க வேண்டும். போல்ட்டுக்கு 30 நியூட்டன் மீட்டர் அளவும், நிப்பிளுக்கு 6 நியூட்டன் மீட்டர் அளவும் வழக்கம். உங்கள் மானுவலின் எண் வேறாக இருந்தால் அதை எடுங்கள். நிப்பிளை முழங்கை பலத்தில் இறுக்குவதுதான் அடுத்த முறை அது உடைவதற்குக் காரணம்.

எல்லாம் செய்தும் லீவர் ஸ்பாஞ்சு போல இருக்கிறதா? முதலில் நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது காலிப்பர்களை மாற்றிப் பொருத்திவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும், அதற்கு மேலுள்ள காற்றை எந்த முறையாலும் எடுக்க முடியாது. அப்போது காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் தடிமனில் ஒரு கட்டையை வைத்து, நிப்பிள் மேலே வரும்படி பிடித்து ஏர் எடுங்கள். அடுத்து மாஸ்டரின் வெளிவாய். அது லைனின் மிக உயர்ந்த இடம், குமிழ் அங்கே மறைந்திருக்கும். துணியைச் சுற்றி, லீவரை அழுத்திப் பிடித்தபடி பேன்ஜோ போல்ட்டை இம்மியளவு தளர்த்தி, சீறல் நின்றதும் இறுக்கி, பிறகு லீவரை விடுங்கள். ஹோஸையும் காலிப்பரையும் பிளாஸ்டிக் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் ஒட்டிய குமிழ்கள் கிளம்பும். இரவு முழுவதும் லீவரைக் கட்டிவைத்து, காலையில் விட்டதும் மேலேறி நின்ற நுண்குமிழ்கள் ரிசர்வாயருக்குள் போகும். கடைசி ஐந்து சதவீதத்துக்கு இது உதவும், ஏர் எடுப்பதற்கு மாற்றாகாது.

காற்று அல்லாத காரணங்களையும் பிரித்தறிய வேண்டும். லீவரைச் சீராக அழுத்திப் பிடித்தால் அது மெல்ல மெல்ல இறங்குகிறது, வெளியே கசிவும் இல்லை என்றால் மாஸ்டரின் உள் சீல் போய்விட்டது, எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பயனில்லை. அழுத்தும்போது பழைய ரப்பர் ஹோஸ் கைக்கே ஊதித் தெரிந்தால் ஹோஸை மாற்ற வேண்டும். ஓட்டிவிட்டு முதல் அழுத்தம் ஆழமாகப் போய் இரண்டாவது கெட்டியானால், வளைந்த டிஸ்கோ தளர்ந்த வீல் பேரிங்கோ பேடைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

வேலை முடிந்ததும் ரிசர்வாயரை மேல்கோடு வரை நிரப்பி, ரப்பர் டயாஃப்ரத்தை மடிப்பு நீக்கி உட்காரவைத்து மூடுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் சில அழுத்தங்கள் பேடை வெளியே கொண்டுவரவே போகும், அதன்பின் லீவர் கெட்டியாக வேண்டும். பத்து விநாடி முழு பலத்தில் பிடித்து எல்லா இணைப்புகளையும் உலர்ந்த துணியால் தொட்டுப் பாருங்கள். லீவரை விட்டதும் சக்கரம் கையால் தடையின்றிச் சுழல வேண்டும். ரப்பர் மூடிகளை நிப்பிள்களில் திரும்ப மாட்டுங்கள். சமதளத்தில் நடை வேகத்தில் சில முறை நிறுத்திப் பார்த்தபின்பே இறக்கத்துக்குப் போங்கள். முதல் ஓட்டம் முடிந்து வண்டி ஆறியதும் ரிசர்வாயர் அளவையும் நிப்பிள்களையும் இன்னொரு முறை பாருங்கள். பழைய ஆயிலைத் தனி பாட்டிலில் மூடி, கழிவு ஆயில் பெறும் இடத்தில் கொடுங்கள், சாக்கடையில் ஊற்றக் கூடாது.